கெஞ்சாமல் கிடைக்கும் அரிசி

பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னையின் வயதானவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1780இல் ஹைதர் அலியின் படைகள், கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட நம் வடதமிழகச் சமவெளிக்குள் இறங்கிய பிறகு, விளைச்சல் அழிந்து, ஊர் ஊராக மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடி வந்தார்கள். 1782இல் மணியக்காரர் ஒருவர் தம் தோட்டத்தில் தொட்டி வைத்து அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அந்த மணியக்காரர் சத்திரம் ஆங்கிலேயர் வாயில் 'மோனிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே உள்ளூர் ஏழைகளுக்காக ஒரு சிகிச்சைக் கூடத்தைத் தொடங்கினார். 1910இல் மருத்துவமனையை அரசு ஏற்றது. 1930களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் அதற்கு வந்தது. தனிமனிதரின் இரக்கத்தில் பிறந்து, நன்கொடையில் வளர்ந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின் அரசின் பொறுப்பாக மாறிய இடம் அது. பசித்தவனுக்கும் நோயாளிக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்த ஊர் வெவ்வேறு காலங்களில் கொடுத்த விடைகள் அந்த ஒரே வளாகத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

அதே கேள்விதான் இன்று 'இலவசம்' என்ற பெயரில் நம்மிடையே சச்சரவாகியிருக்கிறது. 2011க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசின் ஆணைகளில் 'இலவச' என்ற சொல் மறைந்து 'விலையில்லா' என்ற சொல் வந்தது; 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். வெறும் பெயர் மாற்றம் என்று சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்குகிறவர் தலை குனிந்து வாங்க வேண்டுமா, நிமிர்ந்து வாங்கலாமா என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வண்ணத் தொலைக்காட்சி முதலான வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில், அவை தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகமாட்டா என்று 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவற்றுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. சட்டம் அங்கே நின்றுவிட்டது, விவாதம் நிற்கவில்லை.

அந்த விவாதத்தில் அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்களுக்குப் பின்னால் நீண்ட சிந்தனை மரபு ஒன்று இருக்கிறது. லிபர்ட்டேரியன் என்று உலகெங்கும் அறியப்படும் அந்த மரபைச் சுதந்திரச் சந்தைவாதம் என்று இங்கே சொல்லிக்கொள்வோம். நம் மேடைகளில் அது பணக்காரர்களுக்கான வக்காலத்து என்று ஒரே வரியில் முடிக்கப்பட்டுவிடுவதால், அது உண்மையில் என்ன சொல்கிறது என்பதை முதலில் நியாயமாக எடுத்துவைக்க வேண்டும்.

அதன் மிகக் கடுமையான வடிவத்தை அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்தார். ஒருவர் தம் உழைப்பில் ஈட்டியதிலிருந்து வரி எடுப்பது, அத்தனை மணி நேரம் அவரைக் கட்டாயமாகப் பிறருக்கு வேலை செய்ய வைப்பதற்கு ஒப்பானது என்றார் அவர். களவையும் வன்முறையையும் ஏமாற்றையும் தடுப்பது, ஒப்பந்தங்களைக் காப்பது ஆகியவற்றோடு அரசின் வேலை முடிந்தது. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வோர் அடியும் தனிமனிதரின் உரிமையை மிதிப்பதாகும் என்பது அவர் வாதம். பிரெட்ரிக் ஹாயக்கின் வழி வேறு. ஒரு பொருளின் தேவை எங்கே இருக்கிறது, அது எங்கே கிடைக்கிறது, அதற்கு மாற்று என்ன என்ற அறிவு கோடிக்கணக்கானவர்களிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எந்தத் தலைமைச் செயலகமும் அதை ஒரு மேசையில் சேர்த்துவிட முடியாது. விலை ஒன்றுதான் அதைச் சேர்க்கிறது என்று அவர் 1945இல் எழுதினார். ஆனால் அதே ஹாயக், யாரும் பசியால் சாகாதபடி உணவும் உறைவிடமும் உடையும் அடங்கிய ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பைச் செல்வம் சேர்ந்த சமூகம் ஒன்று தரலாம் என்று ஒப்புக்கொண்டவர். மில்டன் பிரீட்மன் 1962இல் இன்னும் ஒரு படி போய், ஏழைகளுக்கு நேராகப் பணம் கொடுக்கும் எதிர்மறை வருமான வரியைப் பரிந்துரைத்தார். ஆக, அந்தக் கூடாரத்துக்குள்ளேயே ஏழைக்கு எதுவும் தரக்கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள், தரலாம், ஆனால் தரும் அதிகாரியின் கையில் அவரைச் சிக்கவைக்கக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வடசென்னையைப் பொறுத்தவரை இரண்டாவது குரல்தான் கவனமாகக் கேட்கத் தக்கது.

ஹாயக் சொன்னதைப் பார்க்க ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலை 3 மணிக்குப் போனால் போதும். விசைப்படகிலிருந்து கூடை இறங்கியதும் ஏலம் கூறுபவர் ஒரு விலையைச் சொல்கிறார். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் தலையை அசைக்கிறார், இன்னொருவர் விரலைக் காட்டுகிறார், சில நிமிடத்தில் கூடை கைமாறிவிடுகிறது. அன்று எத்தனை படகு திரும்பியது, கடல் எப்படி இருந்தது, அது என்ன கிழமை, எந்த ஓட்டலில் கல்யாண விருந்து, ஐஸ் கட்டிக்கு என்ன விலை, எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடுகின்றன. வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் காரப்பொடிக்கும் ஓர் அலுவலகம் முந்தின மாலையே விலை நிர்ணயித்து அறிக்கை ஒட்டினால், அன்றைக்கே மீன் அழுகும், இல்லையென்றால் பதுங்கும். இதை எங்கள் மீனவர்களிடம் விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் அதே துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு போட்ட தடை அது. கடல் யாருக்கும் சொந்தமில்லாததால், ஒரு படகு மட்டும் கரையில் நின்றால் அதற்கு நட்டம், எல்லாம் போனால் எல்லோருக்கும் நட்டம். நியூசிலாந்து 1986இல் செய்ததுபோல் பிடிக்கும் அளவை உரிமைப் பங்குகளாகப் பிரித்து விற்கலாம் என்று சந்தைவாதிகள் இதற்கும் ஒரு வழி சொல்கிறார்கள். அந்தப் பங்குகளைக் கண்ணாடி இழைப் படகுக்காரரிடமிருந்து பெரிய முதலாளி வாங்கிக் குவித்துக்கொள்ள எத்தனை நாளாகும் என்ற கேள்வி அங்கே எழும். இங்கே நாம் தேர்ந்தது தடை, தடைக்காலத்துக்கு ஒரு நிவாரணத் தொகை என்ற வழியை. அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குப் போதாது என்பது வேறு செய்தி. விலையைச் சொல்வது ஏலம், எல்லையைச் சொல்வது அரசு என்ற இந்த ஏற்பாடு ஒரே கரையில் நடக்கிறது, அதில் யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை.

சரி, அரசு ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஒரு முறை கண்டிருக்கிறது. 1876இல் பருவமழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியபோது, தானிய வணிகத்தில் அரசு கைவைத்தால் பற்றாக்குறை பஞ்சமாக முற்றிவிடும் என்று ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியதை வேதம்போல் கொண்டிருந்த ஆட்சியாளர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள். சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அரசுக் கணக்கில் அரிசி வாங்க முயன்றபோது வைசிராய் லிட்டன் அதை வன்மையாக எதிர்த்தார். செலவைச் சுருக்க ரிச்சர்ட் டெம்பிளை 1877 ஜனவரியில் தெற்கே அனுப்பினார். இந்த டெம்பிள்தான் மூன்றாண்டுக்கு முன் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, சாவை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கியவர். அவ்வளவு செலவழித்தாரே என்று திட்டு வாங்கியவரும் அவர்தான். அந்தத் திட்டுக்குப் பயந்தோ என்னவோ, இங்கே வந்ததும் நிவாரண வேலைக்கு வந்தவரின் நாள் கூலியை ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தின் விலையும் ஓரணாவும் என்று குறைத்தார். அதை உண்டு உடலுழைப்புச் செய்ய முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இடைவிடாமல் எழுதிப் போராடினார். பிறகுதான் கூலி உயர்த்தப்பட்டது.

அந்த நாட்களில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்திருந்தன. சந்தை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. விலை ஏறிய இடத்துக்குத் தானியம் வந்தது, ரயில் அதை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றது. ஆனால் நிலம் வறண்டு, கூலி நின்று, மாட்டையும் பாத்திரத்தையும் விற்றுத் தீர்த்தவரிடம் அந்த விலையைக் கொடுக்கக் காசில்லை. பட்டினிச் சாவு பெரும்பாலும் உணவு இல்லாததால் வருவதில்லை, உணவைப் பெறும் தகுதி ஒருவர் கையை விட்டுப் போவதால் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981இல் கோட்பாடாக நிறுவியதை, எங்கள் கடற்கரையில் அன்று மூட்டைகளுக்கு வெளியே நின்றவர்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். தென்னிந்தியா முழுவதும் 55 லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வாழ்ந்திருந்த வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய ஒன்பதாம் ஆண்டு அது. அறம் செய்தவர்கள் இல்லாமலில்லை. சத்திரங்கள் இருந்தன, செட்டியார்களும் முதலியார்களும் கஞ்சி ஊற்றினார்கள், லண்டன் மேயர் தலைமையில் பெருந்தொகை திரண்டும் வந்தது. ஆனால் லண்டன் நிதி தொடங்கியபோது 1877 ஆகஸ்ட் ஆகிவிட்டது. நன்கொடையின் குறை ஈரமின்மை என்று நான் சொல்லமாட்டேன். மனம் இரங்கிய பிறகுதான் அது புறப்படும், மனம் இரங்குவதற்குள் பிணம் விழுந்துவிடும் என்பதுதான் அதன் குறை. 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்து, அதைத் தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டபோதுதான், இத்தனை அறிகுறி தென்பட்டால் அரசு இன்னின்னது செய்ய வேண்டும் என்ற கடமை எழுத்தில் ஏறியது.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வழியே எண்ணூருக்குப் போகும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இதே வரலாறுதான். அதன் வடக்குப் பகுதியை 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சொந்த முதலீட்டில் வெட்டினார். அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் தெற்குத் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக, கஞ்சிக் கூலிக்கு வந்தவர்களால் தோண்டப்பட்டது. இலாபத்துக்காகத் தொடங்கி உயிர்ப்பிச்சைக்காக நீட்டப்பட்ட அந்த நீர்வழி இன்று சாக்கடையாகக் கிடப்பதற்குத் தனியார், அரசு இரண்டுமே பதில் சொல்ல வேண்டும்.

அரசு நடுநிலையாக ஒதுங்கி நிற்கும் என்பதும் எங்களுக்கு நம்பிக்கையூட்டும் சொல் அல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி அண்ட் சி நெசவாலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவரானார், செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் திரு.வி.க.வும் உடன் நின்றார்கள். தொழிலாளரும் முதலாளியும் தாமாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்றாமவர் தலையிடக் கூடாது என்பது சந்தைவாதத்தின் அடிப்படை. அந்தத் தர்க்கத்தை வைத்துத்தான், ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள் மீது ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. 1921 வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். நீதிமன்றமும் துப்பாக்கியும் அரசுடையவைதான். உணவும் பள்ளியும் தரும்போது மட்டும் அரசு தலையிடுகிறது என்று சொல்வது அந்தச் சாவுகளை மறப்பதாகும். சங்கம் அமைப்பதற்கு 1926இல்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது.

நீதிக்கட்சி காலத்தில், வண்ணாரப்பேட்டையோடு பெயர் பிணைந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று தீர்மானம். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளை அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றது. 1956இல் காமராசர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் காலை உணவு என்று அந்த இழை மறுபடி மறுபடி எடுக்கப்பட்டதை எல்லோரும் அறிவார்கள், விரிக்கத் தேவையில்லை.

அதிகம் பேசப்படாதது ராஜாஜியின் பங்கு. எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலையைச் சாடும் 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்ற சொற்சேர்க்கையை நாட்டுக்குத் தந்தவர் அவர். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 1967இல் மக்களவையில் 44 இடங்களோடு அதைப் பெரிய எதிர்க்கட்சியாக ஆக்கியவர். 1952இல் சென்னை மாகாண முதல்வரானதும் உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பதுங்கிக் கிடந்த நெல் சந்தைக்கு வந்தது என்று அவரைப் போற்றுவோர் இன்றும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1960களின் நடுவில் மழை தவறி அரிசித் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று முழங்கி 1967இல் தி.மு.க. வென்ற கூட்டணியில் ராஜாஜியும் இருந்தார். அந்த ஒரு படியும் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கி, செலவு தாங்காமல் நின்றது. 1939இலேயே, மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட இந்தியாவின் முதல் பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவரும் ராஜாஜிதான். கொள்கை ஒன்றாகவும் ஆட்சி வேறாகவும் இருந்ததென்று இதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பொறுப்பு கைக்கு வந்ததும் அவருக்கும் அரசு தேவைப்பட்டது.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் அரிசி அட்டை வைத்துக்கொள்ளலாம். அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறலாம். எதுவுமே வேண்டாதவர் முகவரிச் சான்றுக்கு மட்டும் பொருளில்லா அட்டை வைத்துக்கொள்ளலாம். 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது, தொடங்கியபோது அட்டைக்கு 20 கிலோ வரை. மிக வறியவர்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. வசதியுள்ளவருக்கும் ஏன் அரிசி என்று கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஏழையை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டுமானால், பொறுக்கி எடுக்க ஒருவர் வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து கூரையைப் பார்ப்பார், மின்விசிறியை எண்ணுவார், வருமானச் சான்று கேட்பார். அந்தச் சான்றுக்கு ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு ஒரு கவுன்சிலர் சிபாரிசு, அந்தச் சிபாரிசுக்கு ஒரு கும்பிடு. சந்தைவாதிகள் அஞ்சும் அதிகாரியின் கை மிக நீளமாக வளர்வது எல்லோருக்குமான திட்டத்தில் அல்ல, தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் திட்டத்தில்தான். தனிமனிதரின் சுதந்திரம்தான் அளவுகோல் என்றால், யாரிடமும் தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டாத ரேஷன் அட்டை அந்த அளவுகோலில் நன்றாகவே தேறுகிறது. இதைச் சந்தைவாதிகளும் கவனிப்பதில்லை, ரேஷனைத் தங்கள் தலைவரின் கொடையாகப் போஸ்டர் அடிப்பவர்களும் கவனிப்பதில்லை.

அந்த ரேஷன் கடையிலேயே கும்பிடு திரும்பி வரும் விதத்தையும் பார்த்தேன். வியாசர்பாடியில் என் வீட்டுக்கு அருகிலுள்ள கடையில், சில மாதங்களுக்கு முன், எனக்கு முன்னால் ஓர் ஆயா நின்றிருந்தார். மீன் அரிந்து அரிந்து விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. மெஷினில் கட்டைவிரல் வைத்தார், சிவப்பு விளக்கு. "வேற வெரலு வை ஆயா" என்றார் பில் போடுகிறவர். ஆட்காட்டி விரல், நடுவிரல், இடக்கை, புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வலக்கை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் அவர் பில் போடுகிறவரைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அந்த மனிதர் பதறிப்போய், "எதுக்கு ஆயா, கையை எறக்கு" என்று சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடை போடச் சொன்னார். நல்லவர். ஆனால் அவர் நல்லவராக இருந்ததால்தான் அன்று அரிசி கிடைத்தது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சந்தைவாதிகள் சரியாகச் சொல்லும் இடங்கள் எங்கள் பகுதியில் நிறையவே உண்டு. எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்காவுக்கு அரசு ஒரு பைசா தந்ததில்லை. அவர் கேட்கவும் இல்லை. விடியலில் அடுப்பு மூட்டி, 9 மணிக்குள் பாத்திரத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்ற கணக்கு மட்டும் அவருக்கு உண்டு. வருகிறவர்களுக்கு மாமூல் தர வேண்டியிருந்தது. ஒரு நாள் தரவில்லை, மறுநாள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தெரு வியாபாரிகளைக் காப்பதற்கென்றே 2014இல் ஒரு சட்டம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னபோது, அதற்கு எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார். ராஜாஜி எதிர்த்த பர்மிட் ராஜ்யம் பெரிய ஆலைகளை விட்டு 1991க்குப் பிறகு பெருமளவு விலகிவிட்டது. தள்ளுவண்டியை விட்டு விலகவில்லை.

வீடும் அப்படித்தான். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது; பிற்காலத்தில் கால்வாய்க் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் இருந்தவர்களை நகரின் தெற்கு விளிம்பில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். வீடு கிடைத்தது. வேலையும் பள்ளியும் வாழ்ந்த தெருவும் போயின. அந்த வீட்டின் மதிப்புக்குப் பணத்தைக் கையில் கொடுத்து, எங்கே வாழ்வது என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும் என்று பிரீட்மன் சொல்லியிருப்பார். அந்த விடயத்தில் நான் அவர் பக்கம்.

எண்ணூரில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, இறாலும் நண்டும் அருகிப்போனதற்குக் காரணமானவற்றில் பெரும்பகுதி பொதுத்துறை. கொடுங்கையூர்க் குப்பைமேடு மாநகராட்சியுடையது. சந்தைவாதிகளிலேயே கடும்போக்காளரான மர்ரே ராத்பார்ட், ஒருவர் விடும் புகை இன்னொருவரின் உடலிலும் உடைமையிலும் நுழைந்தால் அது அத்துமீறல், அதை நீதிமன்றம் தடுத்து நிறுத்த வேண்டும், பொது நன்மை என்று சொல்லித் தப்பவிடக் கூடாது என்று 1982இல் எழுதினார். அந்த விதி நடைமுறையில் இருந்திருந்தால் எங்கள் குழந்தைகளின் மூச்சுக்கு இப்போதைவிட வலுவான காவல் இருந்திருக்கும். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்ற சொல்லின் கீழ் ஒரு பகுதி மக்களின் நுரையீரல் கணக்கில் வராமல் போனது அரசின் பெயரால்தான். ஆனால் புகை பல வாயிலிருந்து கலந்து வருகிறபோது, எந்தப் புகை எந்த நெஞ்சைக் கெடுத்தது என்று நிரூபிக்கும் சுமையை ஒரு மீனவக் குடும்பத்தின் மேல் வைத்தால், வழக்குச் செலவிலேயே படகு போய்விடும். அங்கே அளக்கும் கருவியோடும் தண்டிக்கும் அதிகாரத்தோடும் அரசு வேண்டும். புகை விடும் கையும் அளக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

டாஸ்மாக்கைச் சொல்லாமல் விட முடியாது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் தனியுரிமை. ஆண்டு வருவாய் 40,000 கோடி ரூபாய்க்கு மேல். ரேஷன் அரிசி வாங்கும் வீட்டிலிருந்துதான் அந்தப் பணத்தில் கணிசமான பங்கு போகிறது என்பதை எங்கள் பெண்கள் எவரும் சொல்வார்கள். இந்த வருவாயைக் காட்டி நலத்திட்டங்களை நியாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை.

வரி கட்டுபவர் பணத்தில் சோம்பேறிகளை வளர்க்கிறார்கள் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் தேவை. வருமான வரி கட்டுவோர் சிலர். வரி கட்டுவோர் எல்லோரும். ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வாங்கும் பெண் செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார், தொழிலதிபரும் அதே 18 சதவீதம்தான் கட்டுகிறார். ராஜாஜி 1939இல் தொடங்கிய மறைமுக வரியின் பேரப்பிள்ளை அது. அதே நேரத்தில், 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்க் கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அதை அலட்சியப்படுத்த முடியாது. கடன் வாங்கிக் கொடுக்கும் அரிசியும் கடன் வாங்கிக் கொடுக்கும் மிக்ஸியும் ஒன்றாகா. பசியோடும் படிப்போடும் மருத்துவத்தோடும் சேராததைத் தேர்தலுக்குத் தேர்தல் கூட்டிக்கொண்டே போவதைத்தான் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் அரிசிக்குப் பதிலாகவும் பணமே கொடுத்துவிடலாமே என்று பிரீட்மன் வழி வந்தவர்கள் கேட்பார்கள். புதுச்சேரியில் அதைச் செய்து பார்த்தார்கள். அரிசிக்கு ஈடாகப் பணம் வங்கிக் கணக்குக்குப் போனது, ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தன, 2024இல் மறுபடி திறக்கப்பட்டன. வெளிச்சந்தையில் அரிசி விலை ஏறினாலும் 20 கிலோ 20 கிலோவாகவே இருக்கிறது. பணம் அப்படி இருப்பதில்லை. கணக்கில் விழும் பணத்தை வீட்டு ஆண் எடுத்துக்கொண்டு போகலாம், மூட்டையை அவ்வளவு எளிதில் கொண்டுபோக முடியாது என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்லும் காரணம் எந்தப் பொருளாதார ஏட்டையும்விட எனக்குத் தெளிவாகப் படுகிறது. மறுபக்கம், மாதம் வரும் 1,000 ரூபாயைத் தம் விருப்பப்படி செலவழிக்கும் சுகத்தையும் அவர்களே சொல்கிறார்கள். ஒருவர் அதில் கண்ணாடி வாங்கினார், ஒருவர் மகளுக்குத் தட்டச்சு வகுப்புக் கட்டணம் கட்டினார், எதற்கு என்று கேட்க யாரும் இல்லை. ஆனால் அந்தத் தொகை எல்லோருக்குமானதாக இல்லை. நில அளவு, மின் பயன்பாடு, வருமானம் என்று நிபந்தனைகள் உண்டு, விண்ணப்பம் உண்டு, நிராகரிப்பு உண்டு, மேல்முறையீடு உண்டு. 2023இல் முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் ஏன் நிராகரித்தார்கள் என்று தெரியாமல் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களின் வரிசை மதியம் வரை குறையவில்லை.

அந்த ஆயாவைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். இப்போதெல்லாம் பேத்தியைக் கூட்டி வருகிறார். பேத்தியின் பெயரும் அதே அட்டையில் இருக்கிறது, அவள் விரல் ஒரே முறையில் விழுந்துவிடுகிறது. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எடுத்துத்தான் வருகிறாள்.